ஒரே அளவு பந்து, வேறு வேறு எடை: மாடியிலிருந்து விட்டால் எது முதலில் விழும்?

தில்லைநகர் எழுதியது:

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளித் தேர்வில் வந்த கேள்வி இது: "ஒரே அளவுள்ள இரண்டு பந்துகள், ஒன்று கனமானது, மற்றது லேசானது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரையைத் தொடும்?" அவள் "கனமான பந்து" என்று எழுதி, காற்றுத் தடையால் என்று காரணமும் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றாக விழும் என்பதுதான் சரியான விடையாம்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம் என்னிடம் கேட்டாள்: "அப்பா, எந்தப் பந்து கனம்னு காத்துக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் ஒரே மாதிரிதானே தடுக்கும்? அப்ப லேசான பந்துக்குத்தானே அது பெரிய தடை?" நான் படித்தது வணிகவியல். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்வது சரியா, விடைத்தாள் சொல்வது சரியா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

இரண்டும் ஒன்றாகத்தான் விழும். எடை என்பது நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியது. முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது. பெருக்கிய நிறையும் வகுத்த நிறையும் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது 9.8 மட்டும். கலிலியோ காலத்திலேயே தீர்ந்த விஷயம் இது. அப்போலோ 15 விண்வெளி வீரர் சுத்தியலையும் இறகையும் சேர்த்து விட்டுக் காட்டிய காணொளியை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

வகுப்பறை எழுதியது:

தில்லைநகர் ஐயா, உங்கள் மகள் எழுதியதுதான் சரி. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவள் கேட்ட கேள்வி அந்தத் தேர்வுக் கேள்வியைவிட நல்ல கேள்வி.

நெடுஞ்சாலை தம்பி, நீங்கள் சொன்ன காணொளி உண்மைதான். 1971 ஆகஸ்ட் 2 அன்று டேவிட் ஸ்காட் ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் வைத்துக்கொண்டு விட்டார், இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. ஆனால் அவர் நின்றது நிலாவில். அங்கே காற்று இல்லை என்பதால்தான் அந்தச் சோதனைக்கே மதிப்பு. அதே சுத்தியலையும் இறகையும் நம் மொட்டை மாடியிலிருந்து விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கணக்கு இதுதான். விழும் பந்தின் மேல் இரண்டு விசைகள் உண்டு: கீழ்நோக்கி எடை, மேல்நோக்கிக் காற்றுத் தடை. தடை எதைப் பொறுத்தது? பந்தின் வேகம், குறுக்குப் பரப்பு, வடிவம், மேற்பரப்பு, காற்றின் அடர்த்தி. இந்தப் பட்டியலில் பந்தின் நிறை இல்லை. அதைத்தான் அந்தப் பெண் "காத்துக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பந்தும் ஒரே வேகத்தில் போகும்போது இரண்டுக்கும் ஒரே தடை. ஆனால் அந்தத் தடை குறைக்கும் முடுக்கம், தடையை நிறையால் வகுத்தால் வருவது. இங்கே நிறை அடிபடாது. பந்து லேசாக இருந்தால் இழப்பு அதிகம், கனமாக இருந்தால் இழப்பு குறைவு.

எண்ணாகவே தருகிறேன். டேபிள் டென்னிஸ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 2.7 கிராம். அதே பந்தை ஊசிக்குழாயால் தண்ணீர் நிரப்பினால் சுமார் 34 கிராம் வரும். வடிவம் அதே, மேற்பரப்பு அதே, நிறை மட்டும் பன்னிரண்டு மடங்குக்கு மேல். இரண்டையும் 10 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், காற்றே இல்லையென்றால் 1.43 நொடி ஆகும். காற்றில் தண்ணீர்ப் பந்துக்கு ஏறக்குறைய 1.45 நொடி, வெறும் பந்துக்கு ஏறக்குறைய 1.74 நொடி. தண்ணீர்ப் பந்து தரையில் மோதும் நொடியில் வெறும் பந்து இன்னும் தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். கண்ணாலேயே பார்க்கலாம்.

கலிலியோவையும் ஒன்றாக விழும் என்று சொன்னவராகவே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். 1638-இல் வந்த நூலில் அவர் எழுதியது அதைவிட நுட்பமானது. நூறு பவுண்டு குண்டும் ஒரு பவுண்டு குண்டும் நூறு முழ உயரத்திலிருந்து விழுந்தால், பெரியது இரண்டு விரற்கடை முந்தும் என்கிறார். அந்த இரண்டு விரற்கடையைப் பிடித்துக்கொண்டு, எடை நூறு மடங்கானால் வேகமும் நூறு மடங்கு என்று அரிஸ்டாட்டில் சொன்ன பெரிய வித்தியாசத்தை மறைக்கப் பார்க்காதீர்கள் என்பதுதான் அவர் வாதம். வித்தியாசமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

1710 ஜூனில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உச்சியிலிருந்து 220 அடி கீழே கண்ணாடிக் குண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். சில குண்டுகளில் பாதரசம், சிலவற்றில் வெறும் காற்று. பாதரசக் குண்டுகள் 4 நொடியில் விழுந்தன. பெரிய, காற்று நிரம்பிய குண்டுகளுக்கு 8 நொடிக்கு மேலும் ஆனது. நியூட்டன் இந்த அளவீடுகளைத் தன் பிரின்சிபியா நூலின் 1713 பதிப்பில் சேர்த்துக்கொண்டார். ஆக, உங்கள் மகள் எழுதிய விடைக்கு முந்நூறு வருடத்துச் சாட்சி இருக்கிறது.

நெடுஞ்சாலை எழுதியது:

வகுப்பறை ஐயா, ஒத்துக்கொள்கிறேன். நிலாவையும் மாடியையும் குழப்பிக்கொண்டேன். தில்லைநகர் அண்ணன் மன்னிக்கவும், மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. அப்படியானால் பெரிய மழைத்துளி சின்னத் துளியைவிட வேகமாக விழுமா? பெரிய துளிக்கு எடை அதிகம், ஆனால் காற்றில் படும் பரப்பும் அதிகமாயிற்றே?

துளித்துளி எழுதியது:

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஆமாம், பெரிய துளி வேகமாக விழும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு ஆகிறது, எடை எட்டு மடங்கு ஆகிறது. எடை எப்போதும் முந்திக்கொள்கிறது. அமைதியான காற்றில் அளந்த வேகங்கள் இவை: 1 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 4 மீட்டர், 2 மில்லிமீட்டர் துளி 6.5 மீட்டர், 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டர். அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை, ஏனென்றால் பெரிய துளி உருண்டையாக இருப்பதில்லை. அடிப்பக்கம் தட்டையாகி, பன்னின் மேல்பாதி போல ஆகிவிடுகிறது. இன்னும் பெரிதானால் காற்றே அதை உடைத்துவிடும். பாடப் படங்களில் வரும் கண்ணீர்த்துளி வடிவ மழை எங்கேயும் பெய்வதில்லை.

ஒரு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து காற்றே இல்லாமல் ஒரு துளி விழுந்தால், தரைக்கு வரும்போது நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். அப்படி ஒரு மழையில் வாழை இலை மிஞ்சுமா, நாற்று மிஞ்சுமா? சாயங்கால மழையில் தலையில் விழுந்து வழியும் துளிக்குப் பின்னால் காற்றின் தடை இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

மேகத்துக்குள் இருக்கும் நுண்துளி இன்னும் விசேஷம். விட்டம் 0.02 மில்லிமீட்டர். விழும் வேகம் நொடிக்கு 1.2 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சின்ன மேல்நோக்கிய காற்றோட்டம் போதும், அது இறங்கவே இறங்காது. மேகம் மேலேயே நிற்பதற்கு அதுதான் காரணம்.

பேராதனை எழுதியது:

வணக்கம், நான் இலங்கையில் பொறியியல் படிக்கிறேன். துளித்துளி அக்கா சொன்ன இரண்டு துளிகளும் இரண்டு வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் பாகுநிலை (ஓடவிடாமல் இழுக்கும் கெட்டித்தன்மை) என்பதை நாங்கள் பிசுக்குமை என்போம், முற்றுத் திசைவேகம் (தடை எடைக்குச் சமமானதும் விழும் பொருள் அடையும் சீரான வேகம்) என்பதை முடிவு வேகம் என்போம். விஷயம் ஒன்றுதான்.

தடை இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, திரவமோ வாயுவோ தன் படலங்களுக்கிடையே உரசுவதால் வருவது. இது வேகத்துக்கு நேர் விகிதம். 1851-இல் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுச் சொன்னது இதுதான். இன்னொன்று, முன்னால் இருப்பதை இடித்துத் தள்ளிக்கொண்டு போவதால் வருவது. இது வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதம். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. எந்த வழி ஆட்சி செய்யும் என்பதை ரெனால்ட்ஸ் எண் சொல்லும்: வேகம், அளவு, அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பிசுக்குமையால் வகுத்தால் வருவது. ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஸ்டோக்ஸ் விதி. ஆயிரங்களில் இருந்தால் வர்க்க விதி. நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும், கையால் கணக்குப் போட முடியாது.

இதை மறந்தால் எவ்வளவு தவறும் என்பதற்கு மழைத்துளியே சாட்சி. ஸ்டோக்ஸ் சூத்திரத்தை மேகத்தின் நுண்துளிக்குப் போட்டால் 1.2 சென்டிமீட்டர், அச்சாகச் சரி. அதே சூத்திரத்தை 2 மில்லிமீட்டர் மழைத்துளிக்குப் போட்டால் நொடிக்கு 120 மீட்டர் என்று வரும். உண்மை 6.5.

ஆய்வுகூடத்தில் நான் முதலில் செய்த செய்முறைகளில் ஒன்று இது. நீண்ட கண்ணாடிக் குழாயில் ஆமணக்கெண்ணெய், சாமணத்தில் 2 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு. விட்டவுடன் வேகம் பிடிக்கும், பிறகு சீராகும் என்று எதிர்பார்த்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் பிடிப்பதே தெரியவில்லை. எண்ணெய்க்குள் நுழைந்த இடத்திலிருந்தே நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்று ஒரே சீராக, கயிற்றில் கட்டி இறக்குவதுபோல இறங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால், முடிவு வேகத்தை எட்ட அதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளே போதும். அப்புறம் ஒல்லியான குழாயில் செய்தபோது அதே குண்டு இன்னும் மெதுவாக இறங்கியது, சுவர் நெருக்கமாக இருந்தால் எண்ணெய் விலகிப் போக வழியில்லாமல் திரும்பித் தள்ளுகிறது.

கடைசிஓவர் எழுதியது:

எல்லாரும் மேலிருந்து கீழே விழுவதையே பேசுகிறீர்கள். கிரிக்கெட் பந்து பக்கவாட்டில் போகும்போது இந்தத் தடை எவ்வளவு இருக்கும்? அது அவ்வளவு கனமான பந்தாயிற்றே, தடையை ஒதுக்கிவிடலாம்தானே? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கிடைமட்டமாக வீசிய பந்தும், அதே உயரத்திலிருந்து சும்மா விட்ட பந்தும் ஒரே நேரத்தில் தரை தொடும் என்று படித்திருக்கிறேன். காற்றிலும் அது உண்மையா?

வகுப்பறை எழுதியது:

கடைசிஓவர் தம்பி, ஒதுக்கவே முடியாது. பந்து 160 கிராம், விட்டம் 7.2 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடைக் குணகம் (பொருளின் வடிவமும் மேற்பரப்பும் காற்றை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 0.45 என்றால் காற்று அந்தப் பந்தைப் பின்னால் தள்ளும் விசை 1.6 நியூட்டனுக்கு மேல். பந்தின் எடையே 1.57 நியூட்டன்தான். அதாவது பூமி அதைக் கீழே இழுக்கும் அளவுக்குக் காற்று அதைப் பின்னால் இழுக்கிறது. நான் இதை வகுப்பில் சொன்ன ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் நம்பாமல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வெற்றிடத்தில் அது உண்மை. காற்றில், தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இருக்கும்போது, உண்மை இல்லை. தடையின் திசை பந்து போகும் திசைக்கு நேர் எதிர். அதன் அளவு மொத்த வேகத்தைப் பொறுத்தது. வீசிய பந்து பக்கவாட்டில் பாய்வதால் மொத்த வேகம் அதிகம், அதனால் மொத்தத் தடை அதிகம், அதில் ஒரு பங்கு மேல்நோக்கியும் தாங்குகிறது. சும்மா விட்ட பந்துக்கு அந்த அளவு தாங்கல் இல்லை. மேலே சொன்ன பந்தை வைத்தே பார்த்தால், அரை நொடியில் சும்மா விட்ட பந்து ஏறக்குறைய 1.22 மீட்டர் இறங்கும், வீசிய பந்து ஐந்து சென்டிமீட்டர் போலக் குறைவாக இறங்கும். சுழற்சியைக் கணக்கில் எடுக்கவில்லை.

தடை வேகத்துக்கு நேர் விகிதமாக இருந்தால், அதாவது பேராதனை சொன்ன எண்ணெய்க் குழாய் உலகத்தில், பக்கவாட்டும் செங்குத்தும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நடக்கும். வர்க்க விதி வந்தவுடன் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. கிடைமட்டமும் செங்குத்தும் தனி என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது காற்றை நீக்கிய பிறகு வந்த சலுகை.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பந்தை நேர் மேலே எறிந்தால், ஏறும் நேரம் குறைவு, இறங்கும் நேரம் அதிகம். சூத்திரமே வேண்டாம். எந்த உயரத்தை எடுத்துக்கொண்டாலும், ஏறும்போது அங்கே இருந்த வேகம் இறங்கும்போது அங்கே இருக்கும் வேகத்தைவிட அதிகம், ஏனென்றால் நடுவில் காற்று கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு உயரத்திலும் இறங்கு வேகம் குறைவென்றால் இறங்கு நேரம் அதிகம்தானே.

பேராதனை எழுதியது:

குணகம் 0.45 என்று ஐயா வைத்ததற்குப் பின்னால் ஓர் அழகான வரலாறு உண்டு. 1912 வாக்கில் பாரிஸில் ஈஃபல், ஆமாம், கோபுரம் கட்டிய அதே ஈஃபல்தான், தன் காற்றுச் சுரங்கத்தில் உருண்டையின் தடையை அளந்தார். ஜெர்மனியில் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அவர் அளந்தது பிழை என்று அங்கே நினைத்தார்கள். கடைசியில் இரண்டு பேர் அளவீடும் சரி. ஈஃபல் அதிக வேகத்தில் அளந்திருந்தார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் உருண்டையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் கலங்கலாகி, பின்பக்கம்வரை ஒட்டிக்கொண்டு போய்ப் பிரிகிறது, அதனால் பின்னால் சுழலும் வெற்றுப் பகுதி சுருங்கித் தடை சட்டென்று விழுகிறது.

1914-இல் அதே கோட்டிங்கனைச் சேர்ந்த பிராண்டில் ஒரு உருண்டையின் முன்பக்கத்தில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டி, குறைந்த வேகத்திலேயே இதை நடத்திக் காட்டினார். கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் அதே வேலை. கிரிக்கெட் பந்தின் தையல் ஒரு பக்கத்துப் படலத்தை மட்டும் கலக்கும்போது, இரண்டு பக்கமும் காற்று வேறு வேறு இடத்தில் பிரிகிறது, பந்து தையல் சாய்ந்த பக்கம் வளைகிறது. புதுப்பந்து ஸ்விங் ஆவது அப்படித்தான்.

மிதிவண்டி எழுதியது:

சைக்கிள் ஓட்டுபவன் என்ற முறையில் ஒரு வரி. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40-க்குப் போனால் காற்றுத் தடை நான்கு மடங்கு, ஆனால் கால் கொடுக்க வேண்டிய திறன் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் எட்டு மடங்கு என்றால் என்ன என்பது தொடைக்குத் தெரியும்.

துளித்துளி எழுதியது:

முற்றுத் திசைவேகம் என்பது ஒரு பொருளுக்கு ஒரே எண் என்று யாராவது நினைத்தால், அதுவும் இல்லை. 2012 அக்டோபர் 14 அன்று வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். மேலே காற்று மிக மெல்லியது, தடுக்க ஆளில்லை, அதனால் மணிக்கு 1,357 கிலோமீட்டர் வரை போனார். அப்புறம் பாராசூட் விரிக்கும் முன்பே, விழுந்துகொண்டே வேகம் குறைந்தார். கீழே வர வரக் காற்று அடர்த்தியாகிறது, தடை எடையைத் தாண்டிவிடுகிறது. விழும் பொருள் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று நம் மனசு சொல்வதற்கு நேர் எதிரான காட்சி.

தில்லைநகர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இதை அச்செடுத்து மகளோடு உட்கார்ந்து படித்தேன். ஞாயிறு காலை சோதனையும் செய்துவிட்டோம்.

இரண்டு டேபிள் டென்னிஸ் பந்து வாங்கினோம். ஒன்றில் சூடான ஊசியால் இரண்டு ஓட்டை, ஒன்று தண்ணீர் போக, மற்றது காற்று வெளியேற. நிரப்பி ஃபெவிக்விக் போட்டு அடைத்தாள். முதல் தடவை சரியாக ஒட்டாமல் மாடிப்படியெல்லாம் சொட்டியது. சனிக்கிழமை மாலையில் விட்டுப் பார்த்தபோது காற்று அடித்து வெறும் பந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கே போய்விட்டது, அதனால் விடியற்காலை ஆறு மணிக்கு, இலை அசையாத நேரத்தில் ஏறினோம். கைப்பிடிச் சுவரிலிருந்து தரை வரை கயிறு விட்டு அளந்தோம், பத்து மீட்டருக்கு நாலு விரல் குறைவு. ஒரு அட்டையின் மேல் இரண்டையும் வைத்து அட்டையைச் சட்டென்று கீழே இழுத்தாள். நான் கீழே நின்று நொடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் கைபேசியில் பிடித்தேன்.

தண்ணீர்ப் பந்து தரையில் மோதிச் சிதறிய படத்தை நிறுத்திப் பார்த்தால், வெறும் பந்து தரைத்தள ஜன்னலின் சன்ஷேடுக்குச் சற்று மேலே இருக்கிறது. அதிலிருந்து 71 படம் கழித்துத்தான் அது தரையைத் தொடுகிறது. அவளே வகுத்துப் பார்த்தாள், 0.296 நொடி. வகுப்பறை ஐயா சொன்னது 0.29. நான்கு தடவை செய்தோம், 68-க்கும் 73-க்கும் நடுவில்தான் வந்தது.

திங்கள்கிழமை அந்தக் காணொளியைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். ஆசிரியை வகுப்பிலேயே போட்டுக் காட்டி, கேள்வியில் "காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்" என்ற வரி விட்டுப்போனது என்று சொல்லி, அவளோடு அதே விடை எழுதிய இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டாராம்.

இப்போது அடுத்த கேள்வி வந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரு தண்ணீர்ப் பந்தைக் குளியலறை டிரம்மில் போட்டாளாம். மிதக்கவும் இல்லை, சட்டென்று மூழ்கவும் இல்லை, மெதுவாக இறங்கியதாம். அதே பந்து காற்றில் அப்படிப் பாய்ந்ததே, தண்ணீரில் ஏன் இப்படி என்று கேட்கிறாள்.

வகுப்பறை எழுதியது:

தண்ணீருக்குள் அந்தப் பந்தின் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு எடையே இல்லாத மாதிரி. மிதப்பு விசை அதைச் சரிக்கட்டிவிடும், மிஞ்சுவது பிளாஸ்டிக் ஓட்டின் எடையில் ஒரு பங்கு மட்டும், ஒரு கிராமுக்கும் குறைவு. தடுக்கும் தண்ணீரோ காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி. உள்ளே காற்றுக் குமிழி மிஞ்சாமல் நிரப்பியிருந்தால் நொடிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் போல இறங்கும் என்று என் கணக்கு. டிரம்மின் ஆழத்தை அளந்து, நேரம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா. குமிழி இருந்தால் இன்னும் மெதுவாகும், அதையும் குறித்துக்கொள்ளட்டும். காத்திருக்கிறேன்.